அரைக் கட்டைக்கும் சற்றுக் கீழே

4 ஆகஸ்ட் 1996, ஞாயிறு

மதிப்பிற்குரிய நாட்குறிப்பேட்டிற்கு வணக்கம். தங்களைச் சனவரி முதல் நாளிலேயே திறந்திருக்க வேண்டும். ஏழு மாதங்கள் தாமதித்தமைக்கு மன்னிப்பைக் கோருகிறேன். நாள்தோறும் பிறருக்காகவே எழுதும் கை, தனக்காக எழுதக் கூசிற்று. வேறு காரணம் இல்லை.

தங்களை எனக்கு அளித்தவர் தேவதாசன் சார். எங்கள் தூய தோமா ஆலயத்தில் மிதி ஆர்மோனியம் வாசிப்பவர். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மகளின் பிரசவத்திற்காகச் சூன் மாதம் கோயம்புத்தூர் சென்றிருக்கிறார். ஆயுத பூசை விடுமுறைக்குள் திரும்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் ரூபாவதி. வயது நாற்பத்தேழு. தாலுகா அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதுபவள். பள்ளி எட்டாம் வகுப்போடு நின்றது. அதன்பின் கற்ற தமிழும், அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை வைத்துக் கற்ற கிட்டாரும் எவரும் எனக்கு ஊட்டியவை அல்ல. பாடகர் குழுவில் பத்தொன்பது ஆண்டுகளாக நானே கிட்டார். ஆராதனை முடிந்து வெளியே வரும் விருந்தினர்கள், "என்ன கம்பெனி கிட்டாரும்மா இது? இப்படி இழையுதே!" என்று கேட்பதுண்டு. "கருவி வெறும் மரம். நாதம் விரல்களின் உடைமை" என்று விடையளிப்பேன்.

இன்று ஆலயத்திற்குப் புதிய கீபோர்டு வந்தது. சபைப் போதகர் ஐயர் செபித்துப் பிரதிஷ்டை செய்தார். மிதி ஆர்மோனியம் ஞாயிறு பள்ளி அறைக்குத் தூக்கிச் செல்லப்பட்டது. "ஓட்டைப் பெட்டிக்கு ஒருவழியா விடுதலை" என்று ஆலயக் கமிட்டியில் ஒருவர் சொன்னார். சார் இங்கில்லாதது ஒருவகையில் நல்லது.

10 ஆகஸ்ட், சனி

பாடற்பயிற்சி. சூலை முழுவதும் என்னோடு வசிக்கும் தமக்கை மேபல் அக்காவுக்குக் காமாலை. அவளைக் கவனித்ததில் நான் கிட்டாரைத் தொடவில்லை. தொடாத நாட்களில் கம்பிகளைத் தளர்த்தி மாட்டுவது என் வழக்கம். இன்று எடுத்துக் கீபோர்டுக்குச் சுருதி சேர்த்தேன். சாவிகளை வெகுவாக முறுக்க வேண்டியிருந்தது. ஈரக் காற்றின் வேலை என எண்ணினேன்.

வாசித்தேன். தகரக் கூரையில் புளியங்கொட்டை விழுந்தது போல் இருந்தது.

கீபோர்டு வாசிக்கும் ஹெலன் பிரபா வங்கியில் எழுத்தர். வயது முப்பத்து நான்கு. இப்போது குழுவின் தலைவியும் அவளே. திரும்பிப் பார்த்தாள். அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னாள்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனை நடந்தது. கிட்டாரும் ஒலித்தது. வேறு குறிப்பில்லை.

14 ஆகஸ்ட், புதன்

காலையில் மூன்று மனுக்கள்: முதியோர் உதவித்தொகை ஒன்று, வழிப்பாதை ஆக்கிரமிப்பு இரண்டு. வழிப்பாதைக்காரர்கள் இருவரும் ஒருவர் மீது மற்றவர் புகார் கூறி என்னிடமே வந்தனர். இருவருக்கும் ஒரே நேர்மையுடன் எழுதிக் கொடுத்தேன்.

இடக்கை விரல் நுனிகளில் கொப்புளங்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் கொப்புளம்! மேபல் அக்கா மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். அவளும் பாடகர் குழுவில் முதல் குரல். அவளுக்கும் தொண்டை கட்டியிருக்கிறது.

"ஏட்டி ரூபா, எனக்கு மேல எட்டவே மாட்டேங்குது. காமாலையில போன சத்து இன்னும் வரலயோ என்னவோ."

"ஐஸ் மோர் குடித்ததன் பயன்."

"ஆமா, மோரு குடிச்சது நான். ஒனக்கு எதுக்கு விரலு பொத்திருக்கு? விரலால குடிச்சியா?"

தமக்கையர் நோயிலிருந்து எழும்போது முதலில் திரும்புவது நாக்கு.

17 ஆகஸ்ட், சனி

பழைய கம்பிகளே குற்றவாளிகள் எனத் தீர்மானித்துக் கிட்டாரையும் சுமந்துகொண்டு பாளையங்கோட்டை சென்றேன். இசைக்கருவிக் கடைக்காரர் புதுக் கம்பி மாட்டி, கையடக்கமான ஒரு மின்கருவியைப் பார்த்துச் சுருதி சேர்த்தார். வாசித்தேன். அதே புளியங்கொட்டை.

"அம்மா, கம்பிய மாத்தி ஒண்ணும் ஆவாது. கிட்டாரையே மாத்துங்க" என்று கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மடியில் வைத்தார். மெருகிட்ட தேவதாரு, கம்பிகளைத் தாங்க எலும்பு போல் வெண்ணிறப் பாலம். மிக அழகிய நாதந்தான், மறுக்கவில்லை. ஆனால் யாரோ ஒருவர் என் மடியில் அமர்ந்து பேசுவது போல் இருந்தது.

"நாதம் விரலில் இருக்கிறது" என்றேன்.

"அப்படியா? இந்தாங்க என் விரலு" என்று சிரித்து என் கிட்டாரை வாங்கி வாசித்தார். தேர்ந்த கை. அவர் கையிலும் தகரம். பின்பு கண்ணாடி அலமாரிக் கிட்டாரை எடுத்து அதே பாட்டை வாசித்தார். தேன். "பாத்தீங்களா? கருவிதாம்மா பேசும். நாம சும்மா தடவிக் குடுக்கதுதான்."

பேருந்தில் வரும்போது அவர் கூற்றை மறுத்து ஒரு பக்க அளவுக்கு மனதிலேயே எழுதினேன். முதல் வாக்கியத்திற்குப் பிறகு ஆதாரம் கிட்டவில்லை.

24 ஆகஸ்ட், சனி

இன்றைய நிகழ்ச்சியை முறையாகப் பதிவு செய்கிறேன்.

பிரதிஷ்டைப் பண்டிகையின் நூறாம் ஆண்டை முன்னிட்டு எங்கள் குழுவின் பாட்டுகள் கேசட்டாக வெளிவர இருக்கின்றன. செப்டம்பர் பதினைந்தாம் நாள் ஒலிப்பதிவு. பயிற்சி முடிந்தபின் ஹெலன் என்னை வராந்தாவுக்கு அழைத்தாள்.

"ரூபாக்கா, தப்பா எடுத்துக்கிடாதிய. கிட்டாரு ஒங்களுக்கு ஒத்து வரலன்னா நானே கீபோர்டுல வாசிச்சிருதேன். இதுலயே கிட்டாரு சத்தம் இருக்கு."

"எத்தனை கிட்டார்கள் இருக்கின்றன?"

"நாலு வகை."

"நால்வருக்கும் என் வாழ்த்துகள்."

"அக்கா!" என்று என் கையைப் பிடித்தாள். கொப்புளங்களைப் பார்த்துவிட்டு உடனே தளர்த்தினாள். "ஏழாந் தேதி பயிற்சி வரைக்கும் பாப்போம். அன்னைக்கு நல்லா வந்துட்டுன்னா ஒங்க கிட்டாருதான். எனக்கு அதுதான் ஆசை. நான் பள்ளிக்கூடம் படிக்கையில கோயில் பெஞ்சுல ஒக்காந்து கேட்ட சத்தம் அது. ஆனா இப்ப கேக்கது அது இல்லயேக்கா."

பொய் சொல்லியிருந்தால் கோபித்திருக்கலாம். கேசட் என்பது ஒருமுறை பதிந்தால் அழியாதது. பத்தொன்பது ஆண்டுகள் வாசித்த என் கை அதில் இருக்குமா, அல்லது பித்தானை அழுத்தினால் வரும் நால்வரில் ஒருவர் இருப்பாரா என்பது இன்னும் பதினான்கு நாட்களில் தெரியும்.

26 ஆகஸ்ட், திங்கள்

தேவதாசன் சாரிடமிருந்து இன்லண்டுக் கடிதம். கோவையில் குளிர், மருமகன் நல்லவர், மகளுக்கு இன்னும் இரண்டு வாரம். கடைசியில்: "கேசட் வரப்போவதாக அறிந்தேன். எனக்கு ஒரு பிரதி அவசியம் அனுப்புங்கள். இங்கே வானொலியில் எத்தனையோ கிட்டார் கேட்கிறேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. கிட்டார் எப்படி இருக்கிறது?"

உடனே விடை எழுதினேன்: "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். கிட்டார் நலம். ஆலயத்தில் அனைவரும் நலம்."

ஓட்டைப் பெட்டி என்று எவரோ சொன்னதை எழுதவில்லை.

31 ஆகஸ்ட், சனி

பகல் மூன்று மணிக்குப் பெருமழை. பயிற்சிக்கு முன்னதாகவே சென்றுவிட்டதால் ஞாயிறு பள்ளி அறையில் ஒதுங்கினேன். மூலையில் ஆர்மோனியம், மேலே கிழிந்த ஒரு பாய். அதன் மீது ஈரம் படக்கூடாதே என்று நகர்த்தினேன். பின்பு மூடியைத் திறந்தேன். பின்பு அமர்ந்தேன். மிதிகட்டையில் சாரின் செருப்புப் பட்ட இடம் மட்டும் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. அங்கேயே என் காலையும் வைத்து மிதித்து ஒரு சுரத்தை அழுத்தினேன்.

கீபோர்டுக்குச் சுருதி சேர்த்து மடியிலிருந்த கிட்டாரில் அதே சுரத்தைத் தட்டினேன். இரண்டும் சேரவில்லை.

வேறொரு சுரம். சேரவில்லை. எல்லாச் சுரங்களிலும் ஆர்மோனியம் கீழே இருந்தது. அரைக் கட்டைக்கும் சற்றுக் கீழே. அந்தச் சற்றுதான் முழுத் தொல்லை: கீபோர்டோடு எந்தக் கட்டையிலும் பொருந்தாது.

ஆறு கம்பிகளையும் ஆர்மோனியத்திற்கு இறக்கினேன். ஒருமுறை மீட்டினேன்.

வந்துவிட்டது. அதே நாதம், இழை அறாமல், மழைச் சத்தத்திற்குள் நேரே நின்று. நான் அழவில்லை, கூரை ஒழுகிற்று.

அதன்பின்தான் உறைத்தது. புத்தகம் பார்த்துக் கற்ற நாள் முதல் நான் சுருதி சேர்த்தது இந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே. பெட்டி தாழ்ந்திருந்தது; என் கம்பிகள் தளர்ந்திருந்தன; தளர்ந்த கம்பி இழைந்தது. "விரல்களின் உடைமை" என்று நான் பத்தொன்பது ஆண்டுகள் ஆலய வாசலில் நின்று உரைத்தது அனைத்தும் இந்தப் பெட்டியின் பழுது. அக்காவின் தொண்டைக்கு மேலே எட்டாததற்கும் இந்தச் சுருதி வேறுபாடே காரணம். அவள் நாற்பது ஆண்டுகள் பாடியதும் இந்தப் பெட்டியோடுதான்.

பயிற்சியில் கீபோர்டுக்கு மீண்டும் ஏற்றினேன். மீண்டும் புளியங்கொட்டை. எவரிடமும் எதுவும் சொல்லவில்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

சொல்வதில் எனக்கு இடர் இல்லை. என் பெருமை போகும்; போகட்டும். ஆனால் சொன்னால், சார் இத்தனை ஆண்டுகள் சுருதி கெட்ட பெட்டியை வாசித்தார், கணக்கு ஆசிரியருக்கு அது கூடத் தெரியவில்லை என்று கமிட்டியில் சிரிப்பார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கோழி இறகால் அதன் உலோக நாக்குகளான ரீடுகளைத் துடைத்தவர். அவர் ஊரில் இல்லாத வேளையில் அவரது பெட்டியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் யார்?

ஆகவே அவருக்கே எழுதினேன். "ஆர்மோனியத்தின் சுருதி குறித்துத் தாங்கள் அறிந்த விவரம் ஏதேனும் இருப்பின் தெரிவிக்கவும். அதனை வெளியில் கூறத் தங்கள் அனுமதி உண்டா என்பதையும் தெரிவிக்கவும்." நாளைக் காலைத் தபாலில் சேர்ப்பேன். ஏழாம் தேதிக்குள் பதில் வந்தாக வேண்டும்.

4 செப்டம்பர், புதன்

தபால் இல்லை. மனுக்கள் ஆறு.

6 செப்டம்பர், வெள்ளி

தபால்காரர் என் மேசையைக் கடக்கும்போதே கையை விரித்துக் காட்டுகிறார். நான் கேட்கவில்லை.

"என்னட்டி, தாசில்தார் சீட்டுக்கு ஆர்டர் வரணுமா, இப்படித் தெருவையே பாக்க?" என்றாள் மேபல் அக்கா.

"அலுவல் நிமித்தம்" என்றேன்.

"அந்த அலுவலுக்குக் கண்ணாடி போட்டிருக்கும், வழுக்க விழுந்திருக்கும், கோயம்புத்தூர்ல இருக்கும்" என்றாள். பதில் கூறத் தகுந்த பேச்சன்று.

7 செப்டம்பர், சனி

பதில் வரவில்லை. முடிவை நானே எடுத்தேன்.

பயிற்சிக்குச் செல்லும் முன் ஞாயிறு பள்ளி அறையில் கிட்டாரை ஆர்மோனியத்திற்கு இறக்கிக்கொண்டேன். பின்பு ஹெலனிடம் சென்று, வழியில் பலமுறை ஒத்திகை பார்த்த வாக்கியத்தைக் கூறினேன்: "என் கிட்டாரின் முன்னைய நாதத்திற்கு என் தவறே காரணம். அறியாமையால் தொடக்கம் முதலே கம்பிகளைத் தாழ்த்திக் கட்டிவிட்டேன். முறையான சுருதியில் எனக்கு வாசிக்க வரவில்லை. கேசட்டில் நீயே வாசி."

"தாழ்த்தின்னா எவ்வளவு? வாசிங்க பாப்போம்."

வாசித்தேன். ஆலயத்தில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியோடு நின்றுவிட்டார். மேபல் அக்கா, "ஏட்டி, வந்துட்டுட்டி!" என்று கத்தினாள்.

"குடுங்க இங்க" என்று ஹெலன் கிட்டாரை வாங்கினாள். கல்லூரியில் ஓராண்டு வாசித்தவளாம். மீட்டினாள். கரகரவென்று கம்பிகள் கிட்டார்க் கழுத்தின் இரும்புக் கட்டைகளில் மோதி அதிர்ந்தன. மெதுவாக மீட்டினாள்; அப்போதும் கரகரப்பு. மூன்றாம் முறை என் முகத்தைப் பார்த்தாள்.

"கம்பி கொடி மாதிரி தொங்குது. இத வச்சா இத்தன வருசமும் வாசிச்சிய?"

"ஆம்."

"கரகரக்காம எப்படிக்கா?"

எப்படி என்று எனக்குத் தெரியாது. இடக்கை விரலை எங்கே வைக்கிறேன், வலக்கை எவ்வளவு தொடுகிறது என்று நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. "வாசித்தால் வரும்" என்றேன். ஹெலன் சிரித்தாள்.

பிறகு கீபோர்டின் பித்தான்களை அழுத்தத் தொடங்கினாள். அதன் மொத்தச் சுருதியையும் நூலிழை நூலிழையாக இறக்க முடியுமாம். என் கிட்டாருக்கு அதை இறக்கினாள். ஒரு பாட்டு முழுவதும் சேர்ந்து வாசித்தோம். மேபல் அக்கா உச்சத்தில் ஏறி அங்கேயே வீடு கட்டிக் குடியிருந்தாள்.

"பதினஞ்சாந் தேதி இதே சுருதிதான். கமிட்டியில யாராவது கேட்டா எங்கிட்ட வரச் சொல்லுங்க" என்றாள் ஹெலன். பின்பு குரலைத் தாழ்த்தி, "ஆனா அக்கா, நீங்க மட்டும் தப்பா கட்டியிருந்தா ஆர்மோனியத்தோட எப்படிச் சேந்துச்சு?"

"அன்றைக்கு ஆர்மோனியமும் பெருந்தன்மையாக இருந்திருக்கும்."

"சரிக்கா, சரி" என்று முதுகைத் தட்டினாள். நம்பிவிட்டாள் என்றே கருதுகிறேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

ஒலிப்பதிவு நிறைவுற்றது. ஒன்பது பாட்டுகள். ஏழாவது பாட்டில் குரல்கள் நின்று கிட்டார் மட்டும் பதினாறு தாளம் வருகிறது. அதைப் பதிவு செய்தவர் தலையணிக் கருவியைக் கழற்றி, "என்ன கம்பெனி கிட்டாரும்மா?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன். கம்பெனிப் பெயரைச் சொன்னேன்.

18 செப்டம்பர், புதன்

தேவதாசன் சாரின் கடிதம், இம்முறை உறையிட்டு. அப்படியே இங்கே படியெடுக்கிறேன்.

"அன்புள்ள ரூபாவதி அவர்களுக்கு,

பெண் குழந்தை. ஐந்தாம் தேதி பிறந்தது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் உங்கள் கடிதத்தைப் பன்னிரண்டாம் தேதிதான் பிரித்தேன். அதற்குள் ஹெலனும் எழுதிவிட்டாள். 'ரூபாக்கா எல்லாத் தப்பையும் தன்மேல் போட்டுக்கொள்கிறார். சுருதி தாழ்ந்திருந்தது அந்தப் பெட்டியின் குற்றமா, உங்கள் குற்றமா?' என்று கேட்டிருந்தாள்.

என் குற்றந்தான். 1990இல் மதுரையிலிருந்து ரீடு சரிசெய்பவரைக் கமிட்டி வரவழைத்தது நினைவிருக்கலாம். எல்லா ரீடும் தாழ்ந்திருக்கிறது, இரண்டு நாளில் ஏற்றித் தருகிறேன் என்றார். நீங்கள் அப்போது வராந்தாவில் தனியாக வாசித்துக்கொண்டிருந்தீர்கள். 'இதை ஏற்றினால் அதையும் ஏற்ற வேண்டுமா?' என்று கேட்டேன். 'ஆமா, அந்தக் கம்பி விறைச்சிரும், இந்தச் சத்தம் இருக்காது' என்றார். அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துப் பேருந்து ஏற்றிவிட்டேன். ரீடுகளில் குறையில்லை என்று கமிட்டியில் சொன்னேன். கமிட்டியில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மேபல் அம்மாள் போன்றோர் உச்சத்தில் சிரமப்படாமல் பாடியது உபரி லாபம்.

நாதம் விரலில் என்று நீங்கள் வாசலில் சொல்லும்போதெல்லாம் அருகில் நின்று கேட்டிருக்கிறேன். திருத்த வேண்டும் என்று தோன்றியதே இல்லை. கமிட்டியில் தாராளமாகச் சொல்லுங்கள். சிரிக்கட்டும்.

மகள் என்னை இங்கேயே தங்கிவிடச் சொல்கிறாள். இந்த மாதக் கடைசிக்குள் ஊர் வீட்டை வாடகைக்கு விட ஆள் பார்க்கிறார்கள். குழந்தையை விட்டு வரவும் மனம் இல்லை. இங்கே இருந்துவிடவும் மனம் இல்லை. உங்களுக்கு ஏதேனும் அபிப்பிராயம் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் கேசட்டை மட்டும் அனுப்பிவையுங்கள்.

தேவதாசன்"

நான்கு முறை படித்தேன். இன்று மேசை போடவில்லை. உதவித்தொகைக்காரர்கள் வீட்டிற்கே வந்து கதவைத் தட்டினார்கள். உடல்நலமில்லை என்று அக்காவைச் சொல்லச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கா, சிரிச்சிட்டு இருக்கா. நாளைக்கு வாங்க" என்றாள்.

19 செப்டம்பர், வியாழன்

காலை முதல் பதில் எழுதுகிறேன். முதல் படி, "பார்வையில் கண்ட தங்கள் கடிதத்தின் பொருள் தொடர்பாக" என்று தொடங்கிற்று. கிழித்தேன். இரண்டாம் படியில், "தாங்கள் ஊர் திரும்புவது ஆலய நலனுக்கும் பாடகர் குழுவின் வளர்ச்சிக்கும் பெரிதும் உகந்ததாகும்" என்று எழுதினேன். மேபல் அக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"பாடகர் குழுவுக்கா அவரு வேணும்?"

கையால் கடிதத்தை மறைத்தேன்.

"ஊரு பூராவுக்கும் கேக்க வேண்டியதக் கேட்டு எழுதிக் குடுத்திருக்க. ஒனக்கு ஒண்ணு கேளேன். வாயா வலிக்கும்?" என்று காப்பியை வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் படியை உறையிலிட்டு ஒட்டிவிட்டேன். தபால் எடுக்கும் நேரம் நான்கு மணி. அதன் நகல்:

"தேவதாசன் சார்,

உங்கள் பேத்திக்கு என் முத்தம். ஞானஸ்நானம் முடியும் வரை அங்கே இருங்கள். அதற்குப் பிறகு இங்கே வந்துவிடுங்கள். வீட்டை வாடகைக்கு விட வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை நாம் கோயம்புத்தூர் போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். 'நாம்' என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறேன்.

கமிட்டியில் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. உங்கள் பொய் என்னிடம் இருக்கட்டும்.

கேசட் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அனுப்ப மாட்டேன். வந்து கேளுங்கள்.

என்றைக்கு வருகிறீர்கள்? சீக்கிரம் பதில் போடுங்கள்.

ரூபா"